பல்லைப் பார்த்து வண்டியைக் கட்டுங்கள்!

தை பிறந்து, உளுந்தும் பாசியும் களத்தை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் புதூர் வட்டாரத்தில் அடுத்த பேச்சு வண்டிப் பந்தயம்தான்.

டீக்கடை பெஞ்சில் மழைப் பேச்சு நின்றுவிடும். மிளகாய் விலைப் பேச்சுகூடக் கொஞ்சம் அடங்கிவிடும்.

"அந்த மயிலைக் கன்னு எப்படி அண்ணாச்சி?"

"போன வாரம் நாலாவதா வந்துச்சே, அதுவா? இன்னும் ரெண்டு பந்தயம் போகட்டும் மாப்ள. சித்திரையில பாரு, முன்னால ஆளே இருக்காது!"

இப்படி ஒரு இளங்காளையைப் பிடித்துக்கொண்டு, ஊர் ஊராக அதன் பின்னாலேயே போகிற ரசிகர் கூட்டம் கரிசலில் இருக்கிறது. சினிமா ஸ்டாருக்குக்கூட அத்தனை விசுவாசம் கிடையாது. கோவில்பட்டியில் கடை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இழுத்துவிட்டு எட்டயபுரம் பஸ் ஏறுகிறார். ஆபீஸ் கிளார்க் ஒருவர் "உறவுக்காரர் வீட்டு விசேஷம்" என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விளாத்திகுளம் ரோட்டோரம் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். விசேஷம் உண்மைதான். உறவு காளையோடு!

ரசிகர்கள் இப்படிப் பின்தொடர்கிறார்களே, இந்தக் காளைக்கு வயசு என்ன, இந்த வருஷம் எத்தனை பந்தயம் ஓடியிருக்கிறது, எந்தப் பந்தயத்தில் நொண்டியது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? கிடையாது. எல்லாம் வாய்க் கணக்கு. இந்த வாய்க் கணக்கில்தான் நல்ல நல்ல கன்றுகள் நாசமாகின்றன.

சிட்டுகள்

பந்தயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை.

தெற்குச் சீமைப் பந்தயத்தில் மாடுகளைப் பிரிவு பிரிவாக விடுவார்கள். பெரிய மாடு, சின்ன மாடு, அதற்கும் கீழே பூஞ்சிட்டு. சில ஊர்களில் நடு மாடு, கரிச்சான், தேன்சிட்டு என்று இன்னும் பிரிவுகள் உண்டு. பெயரைக் கேட்டாலே தெரியும், சிட்டுகள்தான் இளசு. வண்டியில் ஓட்டுகிறவர் சாரதி. கூடவே ஒரு துணைச் சாரதி.

தூரத்தை இன்றைக்கும் மைல் கணக்கில்தான் சொல்கிறார்கள். கிலோமீட்டர் வந்து அறுபது வருஷம் ஆகியும் பந்தயக்காரர்கள் மைலை விடவில்லை. பெரிய மாட்டுக்குப் போய் வர எட்டு மைல், பத்து மைல். சின்ன மாட்டுக்கு ஆறு மைல் வாக்கில். பூஞ்சிட்டுக்குக்கூட ஐந்து மைல் வைக்கிற ஊர் உண்டு. பாதி தூரத்தில் கொடி. அந்தக் கொடியை முதலில் தொட்டுத் திரும்புகிற வண்டிக்குத் தனியாகக் கொடிப் பரிசு.

தையில் தொடங்கும் ஓட்டம், பங்குனிப் பொங்கல், அம்மன் கோவில் கொடை என்று ஊர் ஊராகப் போகும். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோவில் திருவிழாவை ஒட்டி நடக்கும் பந்தயம் வரும்போது வட்டாரமே அங்கேதான் நிற்கும். கட்டபொம்மன் மண்ணில் பரிசு வாங்கிய ஜோடி என்றால் அந்த மாட்டுக்கு மரியாதையே வேறு. விலையும் வேறு.

ஆக, முன்னால் நடக்கிற சின்னப் பந்தயங்கள் எல்லாம் ஒரு வகையில் பள்ளிக்கூடம். கன்றுக்குக் கூட்டத்தைப் பழக்க வேண்டும். வெடிச் சத்தத்தைப் பழக்க வேண்டும். பக்கத்து வண்டி உரசிக்கொண்டு வரும்போது மிரளாமல் நேரே போகப் பழக்க வேண்டும். பழகின மாட்டோடு இளசைப் பூட்டி, கூடவே ஓடவிட்டுக் கற்றுக் கொடுப்பது பெரியவர்கள் காலத்து வழக்கம். அறுப்பு முடிந்த கரிசல் காட்டு வண்டிப்பாதைதான் முதல் மைதானம். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் நீச்சல். பருத்தி விதை, உளுந்து, தவிடு, முட்டை, பேரீச்சம்பழம் என்று வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத சாப்பாடு காளைக்குக் கிடைக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு என்ன செய்கிறார்கள்? இந்த வாரம் ஒரு பந்தயம், அடுத்த வாரம் ஒரு பந்தயம் என்று தார் ரோட்டில் கொண்டுபோய் அடிக்கிறார்கள். முதல் பரிசு வந்தால் சந்தோஷம். நாலாவது வந்தால், "என்னலே, பேரைக் கெடுத்திருச்சு" என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மறுபடியும் பூட்டிவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைக்கலாம். தினமும் பரீட்சை வைத்தால் பையன் படிப்பது எப்போது?

தோற்ற குதிரை

இந்த இடத்தில் ஒரு குதிரைக் கதை சொல்ல வேண்டும். கதை அல்ல, நடந்தது.

அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி என்று ஒரு பந்தயம். 1875-ல் இருந்து ஓடுகிறது. மே மாதம் முதல் சனிக்கிழமை. மூன்று வயசுக் குதிரைகள் மட்டும். தூரம் ஒன்றேகால் மைல். அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் இருந்தே முன்னோட்டப் பந்தயங்கள் ஆரம்பித்துவிடும். 2013-ல் இருந்து ஒவ்வொரு முன்னோட்டத்துக்கும் மதிப்பெண் போட்டு, அதிக மதிப்பெண் வாங்கிய குதிரைகளில் அதிகபட்சம் 20-ஐ மட்டும் களத்தில் விடுகிறார்கள். நம்ம ஊர் ரசிகர்கள் மயிலைக் கன்றைப் பின்தொடர்கிற மாதிரி, அங்கே லட்சக்கணக்கான ஜனங்கள் குதிரைகளைப் பின்தொடர்கிறார்கள்.

1973-ல் ஒரு குதிரை. பெயர் செக்ரட்டேரியட். கோட்டையில் இருக்கிற ஆபீசுக்கு வைக்கிற பெயர்தான். ஆனால் இது பைல் மாதிரி ஒரே இடத்தில் கிடக்கவில்லை!

எல்லோரும் அதுதான் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். டெர்பிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நியூயார்க்கில் ஒரு முன்னோட்டப் பந்தயம். அதில் செக்ரட்டேரியட் மூன்றாவதாக வந்தது. "அவ்வளவுதான், இந்தக் குதிரைக்கு நீண்ட தூரம் தாங்காது" என்று பேச்சு கிளம்பியது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. குதிரையின் மேலுதட்டுக்கு உள்பக்கம் ஒரு கட்டி. கடிவாளம் பட்டால் உயிர் போகிற வலி. வாயில் சீழ்க் கட்டியை வைத்துக்கொண்டு அது ஓடியிருக்கிறது. கட்டி ஆறியது. இரண்டு வாரம் கழித்து டெர்பியில் முதலாவதாக வந்தது. எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிஷம் 59 விநாடி சொச்சம். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பந்தயத்தில் அந்தச் சாதனையை இன்னும் எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.

புதூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் புதுசு இல்லை. மாடு ஏன் பிந்தியது என்று கேட்டால், பழைய சம்சாரி முதலில் சாரதியைத் திட்ட மாட்டார். மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். லாடம் கழன்றிருக்கிறதா, திமில் பக்கம் நுகத்தடி உரசிப் புண்ணாகி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இன்றைக்கு முதல் வேலையாக செல்போனில் வீடியோவைப் பார்க்கிறார்கள்!

மாட்டுக்குப் பெயர் இல்லை

குதிரை உலகத்தில் இன்னொரு விஷயம் உண்டு. கணக்கு.

இந்தியாவில் ஓடும் உயர் ஜாதிப் பந்தயக் குதிரைக்குப் பிறப்புப் பதிவு இருக்கிறது. புனேயில் உள்ள ஸ்டட் புக் ஆணையம் அதை வைத்திருக்கிறது. அப்பன் குதிரை எது, தாய்க் குதிரை எது, எப்போது பிறந்தது எல்லாம் அதில் வரும். மும்பை மகாலட்சுமி மைதானத்தில் 1943-ல் தொடங்கிய இந்தியன் டெர்பி நாலு வயசுக் குதிரைகளுக்கு. மூன்று வயசுக் குதிரையைக் கொண்டுவந்து, "நல்லா வளர்ந்துட்டு சார், சேர்த்துக்கோங்க" என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நம்ம பக்கம் எப்படி? வயசுக்கு அளவுகோல் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஓர் ஊரில் பல். ஓர் ஊரில் உயரம். இன்னோர் ஊரில் விழாக் கமிட்டிக்காரரின் கண் பார்வை. போன வாரம் பூஞ்சிட்டில் ஓடிய கன்று இந்த வாரம் சின்ன மாட்டில் நிற்கும். கேட்டால் "ஒரு வாரத்துல வளர்ந்திருச்சு" என்பார்கள்.

முடிவு வெளியாகும்போது பாருங்கள். முதல் பரிசு இன்ன ஊர் இன்னார் வண்டி, இரண்டாம் பரிசு இன்னார் வண்டி. ஊர் இருக்கும். சொந்தக்காரர் பெயர் இருக்கும். பரிசு கொடுத்த பிரமுகர் பெயர் மூன்று இடத்தில் இருக்கும். ஓடிய மாட்டின் பெயர் மட்டும் இருக்காது! பேப்பர்களும் அப்படித்தான் போடுகின்றன. இதில் பேப்பர்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கு இல்லை.

ஜோடியில் ஒரு மாடு ஒருவருடையதாகவும், இன்னொரு மாடு வேறொருவருடையதாகவும் இருப்பது சகஜம். அடுத்த வாரம் ஜோடி மாறும். அதற்கடுத்த வாரம் மாடு கைமாறும். மூன்றே மாதத்தில் ஒரு கன்று எத்தனை மைல் ஓடியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். விலை கொடுத்து வாங்குகிறவருக்குத் தெரியாது. லட்சம் லட்சமாகக் கொடுத்து வாங்கி வந்து, பத்து நாளில் முன்னங்கால் வீங்கிக் கிடந்தால் யாரிடம் போய்க் கேட்பது? போலீசில் புகார் கொடுத்தால் ஏட்டையா சிரிப்பார்.

ரெண்டு பல்

மாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதன் வாய்க்குள்ளேயே பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது.

சுமார் ரெண்டு வயசில் முதல் ஜோடிப் பால் பல் விழுந்து ரெண்டு பல் முளைக்கும். மூணு வயசு வாக்கில் நாலு பல். அதற்குப் பின் ஆறு பல். எட்டுப் பல்லும் சேர நாலு வயசுக்கு மேல் ஆகும். நாட்டு மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் பிந்தும்.

பல் சேரும் காலமும் எலும்பு இறுகும் காலமும் ஏறத்தாழ ஒன்றுதான். கால் எலும்புகளின் முனைகள் முழுக்க இறுகிச் சேர மூன்றரை, நாலு வயசு ஆகிறது. அதற்கு முன்னால் அந்த முனை குருத்துதான். கரிசல் மண்ணில் ஓடினால் மண் வாங்கிக்கொள்ளும். தார் ரோட்டில் ஓடினால் யார் வாங்குவது? குளம்பு வாங்கும், மூட்டு வாங்கும், குருத்து வாங்கும். பங்குனி, சித்திரையில் காலை ஒன்பது மணிக்கு விளாத்திகுளம் ரோட்டில் செருப்பில்லாமல் பத்து அடி நடந்து பார்த்தால் மனுஷனுக்கே புரியும்.

கொங்குப் பக்கம் ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரத்தைச் சுருக்கி, கடிகாரம் வைத்து ஓடவிடுகிறார்கள். இளங்காளைக்குச் சின்ன தூரம். ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் குதிரை வண்டிப் பந்தயங்களில் "புதிய குதிரை" என்றே தனிப் பிரிவு வைக்கிறார்கள். முதல் தடவை ஓடுவதை அனுபவஸ்தக் குதிரையோடு மோதவிடுவதில்லை. அங்கே முடிகிற காரியம் இங்கே மட்டும் முடியாதா?

குதிரைக்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2023-ல் அதே கென்டக்கி டெர்பி மைதானத்தில், அந்த ஒரு சீசனில் மட்டும் 12 குதிரைகள் செத்தன. பத்திரிகைகள் கிழித்தன. பந்தயங்களை வேறு மைதானத்துக்கு மாற்றினார்கள். விசாரணை நடந்தது. ஆனால் பன்னிரண்டு என்று எண்ண முடிந்ததே, அது எப்படி? கணக்கு இருந்தது. கரிசலில் ஒரு சீசனில் எத்தனை கன்று காலொடிந்து அடிமாட்டு வண்டி ஏறுகிறது என்று யாராவது ஒரு எண்ணைச் சொல்லட்டும் பார்க்கலாம்!

சட்டத்தில் ஓட்டை

2014-ஆம் வருஷம் மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதும், அவசரச் சட்டம் வந்ததும், ஜனவரி 23-ந் தேதி சட்டசபையில் சட்டம் நிறைவேறியதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2023 மே 18-ந் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. புதூர் பக்கம் வெடி போட்டார்கள் என்றால் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்தச் சட்டத்தை யாராவது எடுத்துப் படித்துப் பார்த்தார்களா? ஜல்லிக்கட்டு என்றால் என்ன என்ற விளக்கத்தில் மஞ்சுவிரட்டு இருக்கிறது. வடமாடு இருக்கிறது. எருதுவிடும் விழா இருக்கிறது. மாட்டு வண்டிப் பந்தயம் என்று பெயர் சொல்லி இல்லை!

ஜல்லிக்கட்டுக்கு 2017-ல் தனி விதிகள் போட்டார்கள். டாக்டர் சோதனை, வாடிவாசல், தடுப்பு எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. வண்டிப் பந்தயத்துக்கு அப்படி விவரமாக ஒன்றும் இல்லாததால், அனுமதி கேட்டு அலைவதும் நிபந்தனை போடுவதும் பந்தயத்துக்குப் பந்தயம் தனித்தனியாக நடக்கிறது.

மகாராஷ்டிரக்காரர்கள் புத்திசாலிகள். 2017-ல் அவர்கள் கொண்டுவந்த சட்டத்தில் மாட்டு வண்டிப் பந்தயம் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். விதியும் போட்டார்கள். ஓடும் தூரம் 1000 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பொது ரோட்டில் ஓடக் கூடாது. 1000 மீட்டர் எங்கே, நம்ம பூஞ்சிட்டு ஓடுகிற ஐந்து மைல் எங்கே!

மைலைக் குறைத்தால் பந்தயத்தில் ருசி போய்விடும் என்று பெரிய மாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பெரிய மாடு பல் சேர்ந்த மாடு. அதன் வழக்கு வேறு. அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். சிட்டுகளுக்கு மைலைக் குறைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பைக் பட்டாளம்

ரோட்டில் போகிற ஜனங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பந்தய நாளில் பஸ் நின்றுவிடும். அருப்புக்கோட்டை போகிறவர் பந்தல்குடி தாண்ட முடியாமல் தவிப்பார். ஒரு மணி நேரம்தானே, திருவிழாதானே என்று ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்க முடியாதது வண்டிக்குப் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள் பட்டாளம்.

ஒரு பைக்கில் மூன்று பேர். ஹெல்மெட் கிடையாது. ஒருவன் ஓட்டுகிறான், ஒருவன் கத்துகிறான், ஒருவன் வீடியோ எடுக்கிறான். ஹாரனை அழுத்திய கையை எடுப்பதில்லை. முதல் தடவை ரோட்டுக்கு வந்த ரெண்டு பல் கன்றுக்குக் காதுக்குப் பக்கத்தில் இருபது சைலன்சர் உறுமினால் அது ஓடுகிறதா, மிரண்டு பாய்கிறதா? பார்ப்பவர்களுக்கு வேகம் மாதிரித்தான் தெரியும். பயம் என்று மாட்டுக்குத்தான் தெரியும். மிரண்ட ஜோடி ரோட்டோரம் நிற்கிற கூட்டத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒரு கால்நடை ஆம்புலன்ஸ், நடுவில் வண்டிகள். வேறு ஒரு சக்கரமும் ரோட்டில் இருக்கக் கூடாது. பந்தோபஸ்துக்கு வருகிற இன்ஸ்பெக்டர் நினைத்தால் இது அரை நாள் வேலை.

பெட்டுக் கட்டுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்று சில பேர் சட்டம் பேசுகிறார்கள். 1996 ஜனவரியில் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது வாஸ்தவம். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கக் கருணாநிதி சர்க்கார் 1974-லும், ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள எம்.ஜி.ஆர். சர்க்கார் 1986-லும் போட்ட சட்டங்கள் சம்பந்தமான வழக்கு அது. அந்தத் தீர்ப்பு கிண்டிக் குதிரைக்கு. எட்டயபுரம் ரோட்டு டீக்கடையில் கைமாறுகிற நோட்டுக்கு அல்ல. அந்தக் கிண்டி மைதானத்துக்கே 2024 செப்டம்பரில் குத்தகைப் பாக்கிக்காக அரசு சீல் வைத்தது தனிக்கதை.

காதில் இருக்கிறது நம்பர்

கணக்கு வைப்பது பெரிய காரியமா? அதற்கு ஒரு ஆபீஸ், பத்து கிளார்க்கு, நாலு பீரோ வேண்டுமா? ஒன்றும் வேண்டாம்.

கோமாரித் தடுப்பூசி போடும்போது கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்து வந்து மாட்டின் காதில் மஞ்சள் வில்லை மாட்டுகிறார்களே, அதில் 12 இலக்க நம்பர் இருக்கிறது. ஒரு நம்பர் ஒரு மாட்டுக்குத்தான். ஜோடி மாறினாலும், ஆள் மாறினாலும், ஊர் மாறினாலும் அந்த நம்பர் மாறாது. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போது சொந்தக்காரர் பெயரோடு அந்த நம்பரையும் எழுதச் சொன்னால் தீர்ந்தது. பக்கத்தில் எத்தனை பல் என்று கால்நடை டாக்டர் ஒரு வரி எழுதி ஒரு கையெழுத்து. அந்த நோட்டை ஒரு விழாக் கமிட்டி அடுத்த ஊர்க் கமிட்டிக்குக் காட்டட்டும். போன வாரம் ஓடிய இளங்காளை இந்த வாரம் வந்து நின்றால், "கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லிவிடலாம்.

வில்லை மாட்டினால் காது அழகு கெட்டுவிடும் என்று சில பந்தயக்காரர்கள் அதைக் கழற்றிவிடுகிறார்கள். வில்லை இல்லாத மாட்டுக்கு வரிசையில் இடம் இல்லை என்று ஒரே ஒரு ஊர் சொல்லிப் பார்க்கட்டும். மறு வாரமே எல்லாக் காதிலும் மஞ்சள் தெரியும்.

ரசிகர்களுக்கும் இதில் லாபம் உண்டு. தையில் புதூர் பக்கம் நாலாவதாக வந்த மயிலைக் கன்றும், மே மாதம் பாஞ்சாலங்குறிச்சியில் கொடியைத் தொட்டுத் திரும்பிய மயிலையும் ஒன்றுதானா என்று டீக்கடையில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட வேண்டியதில்லை. நோட்டைப் புரட்டினால் போதும்.

பந்தய நோட்டீசை அச்சுக்குக் கொடுக்கும்போது, முன்னிலை வகிப்பவர், தலைமை தாங்குபவர், கொடியசைப்பவர் என்று முப்பது பெயர் போடுகிறார்கள். போட்டோவும் போடுகிறார்கள். அதில் ஒரு பிரமுகரின் போட்டோவைக் கொஞ்சம் சின்னதாக்கினால் "பூஞ்சிட்டுக்கு நாலு பல் கட்டாயம், காது நம்பர் கட்டாயம்" என்று ஒரு வரி போட இடம் கிடைத்துவிடும்.